மேல்தட்டில் சத்தமில்லை

ஜூலை 3, ஞாயிறு

இன்று காலை ஆராதனையில், இரண்டாவது பாட்டின் மூன்றாவது சரணத்தில், ஆர்கனின் மேல்பாதி செத்துப்போனது. கீழ்ப்பாதி மட்டும் தொண்டை கட்டிய எருமையைப் போல முனகிக்கொண்டிருந்தது. சபையார் முந்நூறு பேரும் அதோடு பாடி முடித்து, ஆமென் சொல்லி, உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மின்விசிறி நின்றிருந்தால் அவசரக் கமிட்டி கூடியிருக்கும்.

நான் போன பிறகு யாராவது இந்த டைரியைப் படித்தால் (என் மனைவி எப்சிபா படிக்கமாட்டாள், என் கையெழுத்து அவளுக்குத் தலைவலி) அவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் ஆசீர்வாதம். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்தை முப்பத்து நான்கு வருடம் கட்டி மேய்த்தவன். எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று பேராசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் அவர்களை 'சார்' என்று கூப்பிட்டவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்கன் வாசிப்பவன்.

ஆர்கனுக்குப் பக்கத்தில் துணி பீரோ அளவுக்கு ஒரு மரப்பெட்டி நிற்கிறது. ஆர்கனின் வாய் அதுதான். மேல்தட்டில் இரண்டு குழல்கள் சுற்றும். ஒன்றில்தான் சத்தம் வரும். மற்றது எடை சரியாக இருக்கட்டும் என்று சும்மா கூடவே சுற்றுவது. (எங்கள் கமிட்டியிலும் இந்த ஏற்பாடு உண்டு.) கீழ்த்தட்டில் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். அதற்கடியில் ஒரு மர உருளை சுற்றி, சத்தத்தை நாலு பக்கமும் வாரி இறைக்கும். மெதுவாகச் சுற்றினால் பாட்டு மூச்சு விடும். வேகமாகச் சுற்றினால் நடுங்கும்.

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் சொன்னேன். ஐயர் என்றால் எங்கள் சபைக் குருவானவர். வயது முப்பத்தெட்டு. எதற்கும் பதில் வைத்திருப்பார்.

"ஆகஸ்ட் ஏழு ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, பிஷப் வாறாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா ஒரு கீபோர்டு வாங்கிருவோம் சார். இப்போ எல்லா சத்தமும் அதுலயே வருது, மழைச் சத்தம்கூட."

மழைச் சத்தம். திருநெல்வேலியில் அதையாவது கீபோர்டில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 5, செவ்வாய்

பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, இரண்டு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, ஒரு பல்லியின் மொத்தக் குடும்ப வரலாறு. மேல் குழலுக்குச் சத்தம் கொடுக்கும் யூனிட்டின் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது. மீட்டர் முள் அசையவே இல்லை. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. நாலைந்து வருடமாகவே அது மங்கிக்கொண்டுதான் வந்தது. சொன்னால் யார் கேட்டார்கள்?

கீழ் ஸ்பீக்கரின் காகிதக் கோனும் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. இப்போதைக்குப் பசை தடவியிருக்கிறேன்.

பதினாறு ஓம் யூனிட் வேண்டும் என்று மதுரைக் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். எட்டுதான் இருக்கிறது என்றார். பதினாறு என்றேன். எட்டும் நல்லாப் பாடும் என்றார். பத்து நிமிடம் தர்க்கம் செய்த பிறகு கிடங்கில் ஒரு பதினாறு இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் போனில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாருக்கும் வாயில் வெற்றிலை.

ஜூலை 8, வெள்ளி

யூனிட் பஸ் பார்சலில் வந்தது. மரை பொருந்தவில்லை. வண்ணார்பேட்டை லேத்தில் ஒரு பித்தளை வளையம் கடைந்து வாங்கினேன். மேல் குழலின் பேரிங்குக்கு எப்சிபாவின் தையல் மெஷின் எண்ணெய். கேட்காமல் எடுத்தேன். கேட்டிருந்தால் எதற்கு, எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்று மூன்று கேள்வி வரும்.

ஜூலை 10, ஞாயிறு

புது யூனிட்டோடு வாசித்தேன். படு மந்தம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி. பாட்டின் உச்சி எங்கே? அந்தக் காலத்தில் இந்தப் பெட்டியின் மேல்தட்டிலிருந்து வெள்ளிக் காசு சிதறுகிற மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். மதுரைக்காரர் எனக்குக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது கிடங்கில் கிடக்க வேண்டியதை.

ஜூலை 12, செவ்வாய்

அறிவியல் முறைப்படி நிரூபிப்பது என்று முடிவு செய்து, கல்லூரியிலிருந்து பழைய ஆசிலேட்டரை இரவல் வாங்கி வந்தேன். குமிழைத் திருப்பத் திருப்ப ஊளை ஒலி கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் யூனிட் செத்துப்போகிறது என்று பார்த்துவிடலாம்.

ஆயிரம் அதிர்வில் நன்றாக இருக்கிறது. இரண்டாயிரத்தில் பரவாயில்லை. மூவாயிரத்தில் நோயாளி. நாலாயிரத்தில் மரணம். அதற்கு மேல் ஆறாயிரம் வரை போனேன். மீட்டர் முள் ஜம்மென்று நிற்கிறது, மின்சாரம் போகிறது, சத்தம் மட்டும் பூஜ்யம். கிராஃப் தாளில் குறித்துக்கொண்டேன். மதுரைக்கு அனுப்புவேன்.

அப்போது பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த கண்மணி டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர், நல்ல மனுஷி, எதையும் கொஞ்சம் பெரிதுபடுத்துவார்.

"சார், சார், நிப்பாட்டுங்க! மண்டைக்குள்ள கம்பியை விட்டு ஆட்டுத மாதிரி இருக்கு!"

"சத்தமே வரலியே டீச்சர். அதைத்தானே பாக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிரஷர் மாத்திரை போடுகிறாரா என்று விசாரித்தேன். போடுகிறாராம். அதுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்து சாலிடரிங் இரும்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது எப்சிபா அடுப்படியிலிருந்து என்னவோ சொன்னாள். அவள் பேச்சு வர வர முணுமுணுப்பாகிவிட்டது. ஆசிரியப் பயிற்சி முடித்தவள், உச்சரிப்பு என்றால் என்ன என்று மறந்துவிட்டாள். வியாழக்கிழமை கேனுக்குப் போக வேண்டுமாம், கூட வருகிறேனா என்று கேட்டாள்.

"கேனுக்கு எதுக்குப் போகணும்? போன் அடிச்சா தண்ணிக்காரன் வீட்டுலயே கொண்டாந்து போட்டுட்டுப் போறான்."

எட்டிப் பார்த்தேன். கையில் கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் கேனுக்கு இவ்வளவு கோபமா?

ஜூலை 14, வியாழன்

மதுரைக்காரர் வேறு யூனிட் அனுப்புகிறார். "இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்ல சார்" என்றார். காது உள்ளவர்கள் அவரிடம் வாங்கியதில்லை போலிருக்கிறது.

எப்சிபா காலையிலேயே கண்மணி டீச்சரோடு வெளியே போய்விட்டாள். மதியம் இரண்டரைக்குத்தான் வந்தாள். நானே சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். தண்ணீர் கேன் எதையும் காணோம்.

ஜூலை 16, சனி

இரண்டாவது யூனிட்டும் நாலாயிரத்தில் செத்தது. கிராஃப் அச்சு அசல் முதல் கிராஃப் போலவே. ஒரே தொழிற்சாலை, ஒரே மோசடி.

சரி, குறைந்த சத்தத்தை அளவால் ஈடு கட்டலாம். மேல்தட்டுச் சத்தத்தை மட்டுப்படுத்த உள்ளே ஒரு குமிழ் இருக்கிறது. மேலும் கீழும் ஒன்றையொன்று விழுங்காமல் சமமாக வைப்பது அதன் வேலை. அதைத் தாண்டி நேர் இணைப்பு கொடுத்துவிட்டேன். இப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது.

ஜூலை 17, ஞாயிறு

அபார வெற்றி. முதல் பாட்டிலேயே முன்வரிசையில் மூன்று கைக்குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பல வருடங்களாக இந்தச் சபையில் இசைக்கு இப்படி ஓர் உணர்ச்சி வெளிப்பாட்டை நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் பலர் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். எப்சிபா வழக்கமாக உட்காரும் மூன்றாவது வரிசையை விட்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள். காற்றுக்காக இருக்கும்.

ஆராதனைக்குப் பிறகு ஐயர் வந்து என் தோளில் கை போட்டார். குருவானவர்கள் தோளில் கை போட்டால் நல்ல செய்தி இருக்காது.

"சார், கொஞ்சம் கூர்மையா இருக்கோ?"

"தெளிவா இருக்குய்யா. இவ்வளவு நாள் தெளிவு இல்லாம கேட்டுப் பழகிட்டிய."

"ரெண்டு மூணு பேர் காது வலிக்குன்னு..."

"உங்க பிரசங்கத்துக்கும் ரெண்டு மூணு பேர் தூங்குதாங்க. நான் வந்து சொல்லுதேனா?"

கீபோர்டு விலைப்பட்டியல் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

ஜூலை 18, திங்கள்

எப்சிபா மறுபடியும் டீச்சரோடு வெளியே. சங்க வேலை என்று நினைக்கிறேன். திரும்பி வந்து சீக்கிரமே படுத்துவிட்டாள். வலது கையைத் தூக்கவில்லை, ஒரு பக்கமாகவே படுத்திருந்தாள். என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் லேத்துக்காரர் போனில் வந்துவிட்டார்.

ஜூலை 19, செவ்வாய்

கீழ் ஸ்பீக்கரை இறக்கினேன். பசை போட்ட இடம் விட்டுவிட்டது. மேலப்பாளையத்தில் காதர் மைதீன் என்று ஒருவர் கோன் மாற்றுகிறார். பந்தல்காரர்கள், கோயில் கொடைவிழாக்காரர்கள், அரசியல் கட்சிகள் என்று ஊரில் கத்துகிற எல்லாருடைய தொண்டையும் அவர் கையில்தான் ரிப்பேராகிறது. என் வயதுதான் இருக்கும். ஸ்பீக்கரை வாங்கி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல சாமான். கெடுத்து வச்சிருக்கிய" என்றார். என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லி முப்பது வருடம் இருக்கும். ஒன்பது நாள் கேட்டார்.

ஜூலை 21, வியாழன்

ஸ்பீக்கர் வரும்வரை கீழ் உருளையைக் கவனித்தேன். வேகமாகச் சுற்றும்போது பெட்டியே குலுங்கும், மேலே வைத்த மெழுகுவர்த்தி நகர்ந்து நகர்ந்து கீழே விழும். உருளையின் பழைய துணியைக் கிழித்துவிட்டுப் புதுத் துணி ஒட்டினேன். கையால் மெல்லச் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் சிறு ஈயத் துண்டு. மறுபடி சுற்றல். மறுபடி ஒரு துண்டு. நாலு மணி நேரம். கடைசியில் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. மோட்டாரைப் போட்டு, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் அசையவில்லை.

இதைப் பார்க்க அந்த நேரத்தில் ஆலயத்தில் ஒரு ஜீவன் இல்லை. தண்ணீரை நானே குடித்தேன்.

ஜூலை 24, ஞாயிறு

பெட்டி இல்லாமல் ஹார்மோனியம். எல்லாரும் வந்து கைகொடுத்து, இன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். குறித்துவைத்துக்கொண்டேன், யார் யார் என்று.

ஜூலை 26, செவ்வாய்

மதியம் யூனிட்டின் வயர்களை மாற்றிக்கொண்டிருந்தேன். மேல் யூனிட்டும் கீழ் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் காற்றை முன்னால் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் நடுச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக் காணாமல் போய்விடும். பேட்டரியை வைத்துச் சோதித்து, வயரில் சிவப்பு நூல் கட்டினேன்.

எப்சிபா வெளியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்று, "ஒண்ணுமில்லையாம்" என்றாள். அதற்கு முன்னால் வேறென்னவோ வார்த்தை, வழக்கம்போல விழுங்கிவிட்டாள்.

"ஒண்ணுமில்லைன்னா விடு. தயிர் இருக்குல்ல, ஊறுகாயும் இருக்கு. அது போதும்" என்றேன். மனைவியைக் கஷ்டப்படுத்தாத கணவன்.

செருப்பை அப்போதுதான் கழற்றினாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாடு மூன்று மணிக்கு.

ஜூலை 28, வியாழன்

காதர் மைதீன் சொன்ன நாளில் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பாளையங்கோட்டையின் வரலாற்றில் பதிய வேண்டிய நிகழ்ச்சி. இருவருமாக அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பொருத்தினோம். கீழ்ச் சத்தம் புது மாப்பிள்ளை போல வந்து நின்றது. ஒரு பாட்டு வாசித்துக் காட்டினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். முகம் சுருங்கியது.

"சாரு, கீழ சுத்தமா இருக்கு. மேலதான் போட்டுக் கத்துது. எப்படித் தாங்குதிய?"

"மேலதான் சத்தமே இல்லியே. ரெண்டு யூனிட் மாத்தியாச்சு. நாலாயிரத்துக்கு மேல ரெண்டும் செத்துப்போச்சு" என்று கிராஃபைக் காட்டினேன்.

பார்த்தார். "போடுங்க, கேப்போம்" என்றார்.

ஆசிலேட்டரை ஐயாயிரத்தில் வைத்தேன். எனக்கு ஒன்றுமில்லை. அவர் "ஆங், அருமையாக் கேக்குதே" என்றார்.

மரியாதைக்காகச் சொல்கிறார் என்று தோன்றியது. அதனால் ஒரு சோதனை வைத்தேன். அவர் வாசல் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். நான் பெட்டிக்குப் பின்னால் இருந்து சுவிட்சை என் இஷ்டத்துக்குப் போடுவேன், அணைப்பேன். சுவிட்ச் சத்தம் காட்டிக்கொடுக்காமல் இருக்க அதன் மேல் கைக்குட்டையைச் சுற்றினேன்.

போட்டேன். கை ஏறியது. அணைத்தேன். இறங்கியது. நீண்ட நேரம் அணைத்தே வைத்திருந்தேன். இறங்கியே இருந்தது. போடுவது போல நெருங்கி, போடாமல் விட்டேன். கை அசையவில்லை. போட்டேன். ஏறியது.

பத்துக்குப் பத்து.

ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்: கருவி சரி, இணைப்பு சரி, முடிவு மட்டும் தவறு என்றால், அளப்பவனைச் சந்தேகப்படு.

காதர் மைதீன் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார்.  கருவிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "எனக்கு எடது காது போயி ஆறு வருசம் ஆச்சு. வலதுதான் ஓடுது" என்றார். "டீ குடிப்போமா?"

குடித்தோம். சோதனையின் முடிவை இன்று எழுதவில்லை.

ஜூலை 29, வெள்ளி

மருந்துக் கடையில் காது அழுக்கு எடுக்கும் சொட்டு மருந்து வாங்கினேன். பொதுச் சுகாதாரத்துக்காக.

ஜூலை 30, சனி

அழுக்கு வந்தது. வேறு மாற்றம் இல்லை.

ஜூலை 31, ஞாயிறு

பழைய குமிழைத் திரும்ப இணைத்து, மேல்தட்டைப் பாதிக்குக் குறைத்து வாசித்தேன். எந்தக் குழந்தையும் அழவில்லை.

ஐயர் அறிவிப்புகளை வாசித்தார். மைக்கில் எனக்கு எப்போதுமே ஒரு நீண்ட 'ஓஓஓ'தான் வரும். அடுத்த பாட்டின் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சபையார் பலர் திரும்பி எப்சிபாவைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு என்னையும் பார்த்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வெளியே கண்மணி டீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கர்த்தர் பெரியவர் சார். அந்த ஊசி போட்டு எடுத்தப்ப அக்கா என் கையைப் புடிச்ச புடி இன்னும் வலிக்கு. நீங்க பெட்டி வேலையா இருந்திய, அதனாலதான் நான் கூடப் போனேன். முடிவு வாற வரைக்கும் அக்கா ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடலை, பாத்திருப்பியளே."

"ஆமா," என்றேன். "ஆமா, ஆமா."

எல்லாரும் போன பிறகு வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்புத் தாளைப் படித்தேன். ஸ்தோத்திரக் காணிக்கைகளில் நாலாவது: 'திருமதி எப்சிபா ஆசீர்வாதம், தன் மார்பிலிருந்த கட்டியை ஸ்கேன் செய்து, சதை எடுத்துப் பரிசோதித்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்ததற்காக.'

ஸ்கேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். பன்னிரண்டாம் தேதி. பதினான்கு. பதினெட்டு. இருபத்தாறு. எல்லாம் எழுதியிருக்கிறேன். தேதி போட்டு, கிண்டல் போட்டு, என் கையாலேயே.

ஆகஸ்ட் 1, திங்கள்

மதியம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். மூன்றும் மறந்துபோயின.

"நீ ஸ்கேன்னு சொன்னது எனக்குக் கேன்னு கேட்டது."

நிமிர்ந்தாள்.

"ஸ், ச, த எதுவும் கேக்க மாட்டேங்குது எப்சி. நாலாயிரத்துக்கு மேல ஒண்ணுமே இல்லை. அளந்து பாத்துட்டேன். யூனிட் நல்லாத்தான் இருக்கு. காதுதான் போச்சு."

கீரையைக் கீழே வைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் மூணு தடவை சொன்னேன்," என்றாள். "அன்னைக்கு அடுப்படியில ஒரு தடவை. மறுநாள் நீங்க பேப்பர் படிக்கும்போது ஒரு தடவை. வியாழக்கிழமை கெளம்பும்போது வாசல்ல நின்னு. மொதல்ல தண்ணி கேன்னு கிண்டல் பண்ணுனிய, மத்த ரெண்டுக்கும் 'ம்' சொன்னிய."

"கேக்கலை."

"கேக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அக்கறை இல்லைன்னுல்லா நெனச்சேன்."

 பிறகு அவளே சொன்னாள், சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல:

"நாலு வருசமா இப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கேன். இந்த மனுசனுக்கு நான் பேசுதது பிடிக்கலை, அப்போ கொறைச்சுக்குவோம்னு. கொறைச்சுக்கிட்டே வந்தேன். நீங்க அதையும் கவனிக்கலை."

முணுமுணுப்பு என்று நான் எழுதிவைத்தது இதைத்தான்.

மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்குக் கேட்டது. கீரையை எடுத்து மறுபடி ஆய ஆரம்பித்தாள். பாதிக் கீரையை என் பக்கம் தள்ளினாள். இருவருமாக ஆய்ந்தோம். நான் ஆய்ந்ததை அவள் மறுபடியும் ஆய்ந்தாள்.

ஆகஸ்ட் 3, புதன்

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் சத்தம் கொடுத்து, கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். மூவாயிரம் வரை சமாளித்தேன். பிறகு ரொம்ப நேரம் மரியாதையாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து கிராஃபைப் பார்த்தேன். நான் ஆலயத்தில் போட்ட கிராஃபுக்கும் அதற்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். மதுரைக்காரரின் யூனிட் என்று நான் அளந்தது என் காதை.

டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எப்சிபா பதில் சொன்னாள். எப்போதிலிருந்து, எந்தக் குரல், எவ்வளவு. எல்லாமே அவளுக்குத் தெரிந்திருந்தது, காரணத்தைத் தவிர. காதுக்கருவி வர மூன்று வாரம். பண்டிகைக்கு நாலு நாள்.

மதுரைக்குப் போன் போட்டு, யூனிட் இரண்டும் அருமை என்றேன். மனுஷர் பயந்துவிட்டார். மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது ஒன்று அனுப்புவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 4, வியாழன்

ஐயரிடம் போய்ச் சொன்னேன். கீபோர்டு வாங்குவதானால் வாங்குங்கள், எனக்குப் பாதிதான் கேட்கிறது என்றேன். தோளில் கை போடவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரில், முகம் தெரியும்படி உட்கார்ந்தார்.

"வாசிக்க முடியுமா சார்?"

"வாசிக்க முடியும். விரலுக்கு ஒண்ணும் ஆகலை. மேலயும் கீழயும் சமம் பாக்கத்தான் முடியாது."

"அப்போ சமம் பாக்க வேற யாரையாவது வச்சுக்கிடுங்க."

இவரைப் பற்றி முன்னால் எழுதியதை அடிக்கப்போவதில்லை. ஆனால் இதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, சனி

எப்சிபாவை ஆலயத்துக்குக் கூட்டிப்போனேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் இந்தப் பெட்டியின் பின்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. குனிந்து பார்த்து, "இதுக்கா என் மெஷின் எண்ணெய்?" என்றாள். தெரிந்தே இருந்திருக்கிறது.

மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தேன். மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டைகளைக் குச்சி செருகி அமுக்கி நிறுத்திவிட்டு, பெட்டிக்குப் பின்னால் போய்க் குமிழைப் பிடித்துக்கொண்டேன். குறைக்க வேண்டுமென்றால் கையை இறக்க வேண்டும், கூட்ட வேண்டுமென்றால் ஏற்ற வேண்டும், சரியென்றால் நேராக நீட்ட வேண்டும்.

கையை இறக்கினாள். குறைத்தேன். இன்னும் இறக்கினாள். குறைத்தேன். இன்னும். எனக்கு அதற்குள் மேல்தட்டு முழுவதும் அணைந்துவிட்டது. வெறும் குழல்தான் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்சி, இனி ஒண்ணுமே இருக்காது!"

"எனக்கு இருக்கு. கொறைங்க."

ஒரு நூல் குறைத்தேன். கை கொஞ்சம் ஏறியது. அரை நூல் கூட்டினேன். கை நேராக நீண்டது. பிறகு பின்வரிசைக்கு நடந்தாள், அங்கே ஒரு முறை. வாசலில் ஒரு முறை. மாடத்தின் படியேறிக்கூட ஒரு முறை, முழங்கால் வலியோடு. மெதுவாகச் சுற்றவிட்டு, வேகமாகச் சுற்றவிட்டு, இரண்டிலும். ஆய்வகத்தில் எனக்கு இப்படி ஓர் உதவியாளர் கிடைத்திருந்தால் இரண்டு பேராசிரியர்களைக் குறைத்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் ஆனது. குமிழின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். கடைசியில் முழுப் பாட்டு ஒன்று வாசித்தேன். எனக்கு வெறும் அடிச்சத்தம், கொஞ்சம் நடு. உச்சி இருந்த இடத்தில் விரல்கள் போய் வந்தன, அவ்வளவுதான். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் மாடத்திலிருந்து என் பக்கம் கையை நேராக நீட்டிக்கொண்டு நின்றாள், இறக்க மறந்து.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

பிரதிஷ்டைப் பண்டிகை. பிஷப் வந்தார், பந்தல் போட்டார்கள், மதியம் சபையாருக்கெல்லாம் அசனச் சாப்பாடு, சாம்பாரில் உப்பு இல்லை.

நாலு பாட்டு. சபை பாடியது. எனக்குக் கேட்டதைவிட அதிகமாகப் பாடியிருப்பார்கள் என்று நம்புகிறேன். காதர் மைதீன் வெளியே மாமரத்தடியில் நின்று கேட்டுவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை ஒரு பக்கமாக ஆட்டிவிட்டுப் போனார். வலது காதை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்.

ஐயர் கீபோர்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் பிரசங்கக் குறிப்பு எழுதியிருந்தார்.

ஆகஸ்ட் 8, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்சிபா பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள். என்னை எதிரில் உட்காரச் சொன்னாள்.

"ஜூலையில என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன்," என்றாள்.

முதல் நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றரை மணி நேரம் சொன்னாள். அதில் ஒரு வரியையும் இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்குச் சொன்னது.

நடுவில் இரண்டு முறை "என்ன?" என்று கேட்டேன். இரண்டு முறையும் திரும்பச் சொன்னாள்.